இந்த ஹெட் ஏன் கழன்றது?

பொன்முடிக்கு ஏறும் வண்டிக்கு உண்மையான பரீட்சை கல்லாற்றைத் தாண்டிய பிறகுதான் தொடங்கும். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, தொளிக்கோடு, விதுரா என்று வருகிற சாலை அதுவரை ஏறினாலும் இறங்கினாலும் எஞ்சினுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். கல்லாற்றுக்கு மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம் போய்ச் சேரும்வரை ஓட்டுநரின் கை கியரை விட்டு நகராது. எண்பதுகளின் டீசல் அம்பாசடர் ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு நேர்ச்சாலையில் இரண்டாவது கியரிலும் வளைவில் முதல் கியரிலும் முனகியபடி ஏறும். ஆக்சிலரேட்டர் அடிவரை மிதிபட்டிருக்கும், வண்டியோ ஆள் ஓடுகிற வேகத்தில் போகும். உள்ளே எரிவது அதிகம், ரேடியேட்டருக்கு வந்து சேரும் காற்று குறைவு. அந்தச் சூட்டை முதலில் வாங்குகிற இடம் சிலிண்டர் ஹெட்.

நான் பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா பேக்டரியில் இருந்தார். பத்தாம் வகுப்பு முடிந்ததும் அடிவாரத்தில் விதுரா பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். அதை நடத்தியவர் மார்த்தாண்டத்துக்காரர். டிரைவர், கிளீனர், எஸ்டேட் மேனேஜர் என்று எல்லோருக்கும் அவர் ஆசான்தான். மலையில் கெட்டுப்போய்க் கீழே கட்டி இழுத்து வரப்படும் வண்டிகளில் பாதிக்குமேல் எங்கள் கூரைக்குக் கீழேதான் வந்து நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை ஹெட் வேலைக்கு வந்தவை. அதனால் எஞ்சினை நான் மேலிருந்து கீழாகக் கற்றேன்.

முதன்முதலில் என் கையால் கழற்றியது எஸ்டேட் ஜீப்பின் ஹெட். மகிந்திராவின் பழைய சிஜே 3பி. அந்த ஜீப்பின் பானட் அதற்கு முந்தைய ஜீப்புகளைவிட உயரமாக இருக்கும். ஏன் என்று ஆசான் விளக்கினார். அந்த ஜீப்பை வடிவமைத்த வில்லிஸ் கம்பெனியின் முந்தைய எஞ்சினில் வால்வுகள் அனைத்தும் பிளாக்கிலேயே இருந்தன, ஹெட் வெறும் மூடிதான். பின்னால் வந்த ஹரிக்கேன் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுகளை ஹெட்டுக்கு ஏற்றினார்கள், புகை போகும் வால்வுகளைப் பிளாக்கிலேயே விட்டார்கள். எஞ்சின் உயர்ந்தது, அதை மூட பானட்டும் உயர்ந்தது. ஒரு வண்டியின் முகத்தையே அதன் ஹெட் தீர்மானிக்க முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அம்பாசடரின் எஞ்சின் வேறு வகை. 1959-இலிருந்து அதில் வந்த 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு எல்லா வால்வுகளும் ஹெட்டில்தான். அதே அளவில் பின்னால் வந்த டீசல் எஞ்சினுக்கும் அப்படித்தான். ஆசான் ஒரு டீசல் ஹெட்டை மரப்பலகையில் கவிழ்த்து வைத்து விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். இது எரிகிற அறை. இது காற்று வரும் வழி, இது புகை போகும் வழி. வால்வு வந்து உட்காருகிற வளையம் சீட்டு, தண்டு ஏறி இறங்குகிற குழல் கைடு. இந்தச் சின்னத் துளைகள் வால்வை அழுத்தும் ராக்கர் வரைக்கும் எண்ணெய் ஏறுவதற்கு. இந்தப் பெரிய துளைகள் தண்ணீருக்கு. ஹெட்டின் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஓடும் அறைகள் இருக்கின்றன, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 தடவை வெடிக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும். வார்ப்பிரும்பு 1,200 டிகிரி அளவில் உருகிவிடும், அலுமினியம் 660-இலேயே உருகும். ஆனாலும் ஹெட் உருகுவதில்லை. வெடிப்பு ஒவ்வொன்றும் கணநேரம்தான் நீடிக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓயாமல் ஓடிச் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கிறது. சுவரின் கனமோ சில மில்லிமீட்டர்.

“நெருப்பு, தண்ணி, எண்ணெய். மூணுக்கும் நடுவுல ஒரு சுவரு. அவ்வளவுதாம்லே ஹெட்டு. சுவரு இருக்க வரைக்கும்தாம் எஞ்சினு, கேட்டியா?” என்பார் ஆசான்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உட்காருவது கேஸ்கட். அந்தக் காலத்தில் இரண்டு செப்புத் தகடுகளுக்கு இடையே ஆஸ்பெஸ்டாஸ் வைத்தது. போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி, படிப்படியாக முறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து முறுக்கினால் நடுவில் கேஸ்கட் உப்பிக்கொள்ளும், ஹெட்டும் வளையும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்க ஆசான் யாரையும் விடமாட்டார்.

மலை ஏன் ஹெட்டை உடைக்கிறது என்பதற்குப் பொன்முடிக்கே உரிய காரணங்கள் சில உண்டு. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியிலுள்ள ஸ்பிரிங் தண்ணீரை அழுத்திப் பிடித்து அந்தக் கொதிநிலையை உயர்த்தத்தான் இருக்கிறது. மூடி தளர்ந்துபோன வண்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை, தண்ணீர் ஆவியாகிவிடும். ஹெட்டுக்குள் ஆவி நிற்கிற இடத்தில் இரும்பின் சூட்டை எடுத்துப்போக ஆளில்லை. வால்வு சீட்டுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பாலத்தில்தான் சூடு மிகுதி. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அதை விரிய விடாது. விரிய முடியாமல் நசுங்கி, ஆறும்போது இழுபட்டு, பல தடவை இப்படி நடந்த பிறகு அங்கே விரிசல் விழுகிறது.

இன்னொன்று, சாலையோரத்து ஓடை. மழைக்காலம் முழுக்க வளைவுக்கு வளைவு தண்ணீர் வழியும். கொதித்து நிற்கிற வண்டிக்குச் சில்லென்ற ஓடைத் தண்ணீரைக் கேனில் பிடித்து அப்படியே ஊற்றுவார்கள். தகிக்கிற இரும்பில் அந்தத் தண்ணீர் பட்டதும் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கும். பலருடைய ஹெட் ஏற்றத்தில் உடைந்ததில்லை, உதவிக்கு வந்த அந்தக் கேன் தண்ணீரில்தான் உடைந்தது. எஞ்சினை அணைத்து, அரைமணி நேரமாவது ஆறவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்து ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும் என்று ஆசான் ஒவ்வொரு டிரைவருக்கும் சொல்லி அனுப்புவார். கூலன்ட் கலக்காத வெறும் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் ஓடினால் உள்ளே துரு பிடிக்கும், தண்ணீர் துளைகளின் ஓரம் அரித்துப் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

ஹெட் கெட்டதன் அடையாளங்களை நான் அங்கேதான் மனப்பாடம் செய்தேன். ஆயில் ஸ்டிக்கை உருவினால் எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் அதில் கலந்துவிட்டது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் குமிழி வந்தால் எரிகிற அறையிலிருந்து வாயு தண்ணீருக்குள் போகிறது. காலையில் எஞ்சின் சூடாகுமுன்பே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே கதைதான். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டில் கம்ப்ரஷன் ஒன்றாகக் குறைந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது. இவற்றில் எது கேஸ்கட்டோடு போகும், எது ஹெட்டையே மாற்றவைக்கும் என்பது கழற்றிப் பார்த்த பிறகுதான் தெரியும்.

ஹெட்டையே மாற்ற வேண்டும் என்று ஆனபிறகு வருவதுதான் பெரிய கேள்வி. டாக்சிக்காரர்களில் புது ஹெட் வாங்க வசதியுள்ளவர்கள் குறைவு. பழைய ஹெட் தேடிப் போவார்கள். திருவனந்தபுரத்தில், நாகர்கோவிலில், கோயம்புத்தூர் உக்கடத்தில், சென்னை புதுப்பேட்டையில் என்று வண்டி பிரிக்கிற இடங்களும் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைகளும் எங்கும் உண்டு. அவற்றை ஆசான் என்றைக்கும் இழிவாகப் பேசியதில்லை. எங்கள் மலையில் ஓடிய வண்டிகளில் பாதி அந்தச் சாமான்களால்தான் உயிரோடு இருந்தன. கொண்டுவருகிறவரிடம் அவர் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: “இது எதுக்கு அதுக்க எஞ்சின விட்டு கழண்டு வந்துது?”

அந்தக் கேள்விக்குள் முழு விஷயமும் இருக்கிறது. நன்றாக ஓடுகிற எஞ்சினிலிருந்து யாரும் ஹெட்டைக் கழற்றி விற்பதில்லை. வண்டி மோதி உடைந்து பிரிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் மோதிய நாள்வரை ஓடிய ஹெட் அது, நம்பிக்கைக்கு இடமுண்டு. கீழே கிராங்கோ பிஸ்டனோ போய் எஞ்சின் கழிக்கப்பட்டிருக்கலாம். அப்போது எண்ணெய் இல்லாமல் ஓடியதா என்று பார்க்க வேண்டும், கைடும் ராக்கரும் தேய்ந்திருக்கும். மூன்றாவது, அந்த எஞ்சினே கொதித்துக் கொதித்துக் கெட்டு, எடைக்குப் போட்ட இரும்பிலிருந்து மறுபடி கடைக்கு வந்திருக்கலாம். அப்படிப்பட்ட ஹெட்டை வாங்குகிறவர் இன்னொருவருடைய நோயையும் காசு கொடுத்து வாங்கி வருகிறார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறைக் காலம். எங்களுக்குப் பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் கடன் வாங்கி டீசல் அம்பாசடரை டாக்சியாக ஓட்டினார். நாங்கள் அவரை அண்ணன் என்போம். அவருடைய ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே விரிசல் விழுந்துவிட்டது. ஒரு புரோக்கர் மூலம் வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து பழைய ஹெட் வந்தது. மேலெல்லாம் வெள்ளி பெயின்ட், அடிப்பக்கம் புதிதாகச் சீவி, ஃபேஸிங் செய்து பளபளவென்று இருந்தது.

“இது எந்த வண்டியில கெடந்துது அண்ணே? எதுக்கு கழத்துனாவ?” என்றார் ஆசான்.

“நல்ல கண்டிஷனு, கம்பெனி சாமான்னு புரோக்கர் சொன்னாரு ஆசானே.”

“நான் கேட்டது அது இல்ல.”

திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் பிரஷர் டெஸ்ட் செய்ய ஆசான் இரண்டு நாள் கேட்டார். சீசன் நேரம், கடன்காரன் வாசலில் நிற்கிறான், அண்ணனுக்கு இரண்டு நாள் என்பது பெரிய தொகை. வேறு இடத்தில் அன்றிரவே பூட்டிக்கொண்டார்.

நெடுமங்காட்டுக்கும் விதுராவுக்கும் இடையே சில நாட்கள் வண்டி ஒழுங்காகவே ஓடியது. பிறகு நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையேறினார். பாதி வளைவுகளைத் தாண்டியதும் சூடு காட்டும் முள் எகிறியது, பின்னால் வெள்ளைப் புகை, ஒரு வளைவின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. மூடுபனி. ஏற்றத்தில் பின்னால் உருளாமல் இருக்கப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். கீழிருந்து வந்த பஸ் வளைவுக்கு முன்பே பார்த்து நின்றதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மறுநாள் காலையில் தண்ணீர் நிரப்பி சாவியைத் திருப்பியிருக்கிறார். ஒரே ஒரு சத்தம், எஞ்சின் பூட்டிக்கொண்டது.

வண்டி எங்களிடம் வந்தது. கழற்றிப் பார்த்தபோது ஒரு சிலிண்டரின் கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. காரணத்தை ஆசான் கணக்குப் போட்டே காட்டினார். 1,489 சிசியை நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 372 சிசி. அந்த டீசல் எஞ்சின் காற்றை ஏறத்தாழ 23-இல் ஒரு பங்காக நெருக்குகிறது. அப்படியென்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 17 மில்லி மட்டும். அதைவிட அதிகமாகத் தண்ணீர் இரவில் கசிந்து இறங்கியிருந்தால் போதும். காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. ஸ்டார்ட்டர் மோட்டார் தள்ள, தண்ணீர் விடாமல் நிற்க, நடுவிலிருந்த ராடு வளைந்துவிட்டது.

ஹெட்டைச் சுரண்டினோம். வால்வு சீட்டிலிருந்து, டீசல் முதலில் எரியத் தொடங்கும் பக்கத்துச் சிற்றறை வரைக்கும் ஒரு விரிசல். அதில் எப்பாக்ஸி பசையை அடைத்து, காய்ந்த பிறகு ஃபேஸிங் ஓட்டியிருந்தார்கள். ஆறியிருக்கும்போது அது மூடிக்கிடக்கும். சமவெளியில் ஓடும் சூட்டுக்கும் பசை தாங்கியது. கல்லாற்றுக்கு மேலே தாங்கவில்லை. ஹெட், ராடு, பிஸ்டன், பேரிங், இழந்த சீசன் வருமானம் எல்லாம் சேர்த்தால் புது ஹெட்டின் விலையைப் போலப் பல மடங்கு ஆனது. அந்தக் குடும்பம் அந்தக் கடனிலிருந்து நிமிர நெடுங்காலம் ஆயிற்று. விற்றவருக்கு அந்த விரிசல் தெரியும் என்பதுதான் இன்றும் என் மனசு ஆறாத இடம். பசை தானாகப் போய் விரிசலுக்குள் உட்காராது.

அதே ஆசான் எஸ்டேட்டின் இன்னொரு வண்டிக்குப் பழைய ஹெட்டையே வாங்கிப் பூட்டினார், அது பல ஆண்டு ஓடியது. அது வந்த வண்டி நெடுமங்காடு சாலையில் பின்பக்கம் மோதிப் பிரிக்கப்பட்ட வண்டி. அதை ஓட்டிய டிரைவரையே அவர் போய்ப் பார்த்துப் பேசினார். அதற்குப் பிறகும் சோதிக்காமல் விடவில்லை.

அவருடைய சோதனையை வரிசையாகச் சொல்கிறேன், இன்றும் நான் அதைத்தான் செய்கிறேன். முதலில் பெயின்ட் அடித்த ஹெட்டைக் கழுவிப் பெயின்ட்டை எடுக்க வேண்டும். மறுக்கிற கடையில் வாங்கக் கூடாது. வார்ப்பில் பொறித்த எண்ணைப் பழைய ஹெட்டின் எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து அடியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்க்க வேண்டும். அந்த எஞ்சினுக்குரிய அளவுதான் கணக்கு என்றாலும், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நுழைந்தாலே யோசிக்க வேண்டியதுதான். ஃபேஸிங் செய்தால் போயிற்று என்பார்கள். ஒவ்வொரு ஃபேஸிங்கும் ஹெட்டின் கனத்தைத் தின்கிறது, கம்ப்ரஷன் கூடுகிறது, டீசலில் வால்வு பிஸ்டனை முட்டும் அளவுக்கு நெருங்கிவிடும். ஆகவே கனத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

வால்வுகளைப் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால் சீட்டு சரியில்லாத வால்வு கசிந்து காட்டிக்கொடுக்கும். வால்வை ஆட்டிப் பார்த்தால் கைடின் தேய்மானம் தெரியும். விரிசலுக்கு ஆசானின் பழைய முறை: மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தடவி வைப்பது. விரிசலில் ஒளிந்த மண்ணெண்ணெய் மெல்ல ஏறிப் பொடியில் கறுத்த கோடாகத் தெரியும். இன்றைக்குச் சிவப்புச் சாயமும் வெள்ளைத் தெளிப்பும் அதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்கின்றன.

இவற்றுக்கெல்லாம் மேலே பிரஷர் டெஸ்ட். தண்ணீர் வழிகளை ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, ஹெட்டைச் சுடுதண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. சுடுதண்ணீர் என்பது முக்கியம். சூட்டில்தான் விரிசல் வாய் திறக்கும். அண்ணனின் ஹெட்டை அப்படி முக்கியிருந்தால் தொட்டியிலேயே எல்லாம் தெரிந்திருக்கும்.

இப்போது காலம் மாறிவிட்டது. அம்பாசடர் 2014-இல் நின்றுபோனது. இன்று பொன்முடி ஏறும் கார்களின் ஹெட் அலுமினியம், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டும் ஹெட்டின் மேலேயே சுழல்கிறது. அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும், எடையும் குறைவு. ஆனால் சூடேறினால் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரும்புப் பிளாக்கின் மேல் போல்ட்டுகளால் கட்டுண்ட அலுமினிய ஹெட் ஒரு தடவை அளவுக்கு மீறிக் கொதித்தாலே வளைந்துவிடக்கூடும். அடிப்பக்கத்தை ஃபேஸிங் செய்து நேராக்கினாலும் மேலே கேம்ஷாஃப்ட் ஓடும் துளைகளின் வரிசை வளைந்தபடியே இருக்கும், கேம் இறுகித் தேயும். மிகையாகச் சூடான அலுமினியம் தன் கடினத்தை இழப்பதும் உண்டு. அப்படிப்பட்ட ஹெட்டில் வால்வு சீட்டு தளர்ந்து விழலாம், போல்ட்டின் மரை பிய்ந்து வரலாம். இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது, கேம்ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றிப் பார்த்தும் கடினம் சோதிக்கும் கருவியை வைத்தும்தான் தெரியும்.

பல புதிய எஞ்சின்களில் ஹெட் போல்ட் ஒருதடவை முறுக்கியதும் கம்பி நீண்டுவிடும் வகை, அதை மறுபடி போடக் கூடாது. எஃகுத் தகடுகளை அடுக்கிய கேஸ்கட்டுக்கு மிக வழவழப்பான முகம் வேண்டும், பழைய லேத் ஃபேஸிங் போதாது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு ஒரே பெயருள்ள காரில்கூட ஆண்டுக்கு ஆண்டு ஹெட் மாறியிருக்கலாம். வெளிப்பார்வைக்குப் பொருந்துகிற ஹெட் உள்ளே பொருந்தாமல் போகும்.

ஆகவே பழைய ஹெட்டின் விலை என்று கடைக்காரர் சொல்வது முழு விலை ஆகாது. அதோடு பிரஷர் டெஸ்ட், ஃபேஸிங், வால்வு வேலை, கேஸ்கட் செட், புது போல்ட் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை புது ஹெட்டை நெருங்கினால் புதிதையே வாங்குங்கள். நெருங்காவிட்டால் பழையது தாராளமாக வாங்கலாம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் ரசீது கேளுங்கள். சோதனையில் தோற்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாக அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல சாமான் வைத்திருப்பவர் எழுதித் தருவார்.

விற்கிறவர்களுக்கும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய சாமான் வாங்க வருகிறவர் பெரும்பாலும் கையில் காசில்லாதவர், நாளை வண்டி ஓடினால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் வருபவர். இரண்டு நாள் காத்திருக்க அவரால் முடியாது என்பது விற்பவருக்கும் தெரியும். அந்த அவசரத்தை விலையாக்குவது திருட்டுக்குக் குறைந்ததில்லை. விரிசல் இருந்தால் விரிசல் என்று சொல்லி எடைக்குப் போடுங்கள்.

என்னிடம் இப்போது வேலை கற்கிற பையன்களுக்கு டார்க் ரெஞ்ச் பிடிப்பதற்கு முன்னால் ஆசானின் கேள்வியைக் கற்றுக்கொடுக்கிறேன். எந்த வண்டி, ஏன் பிரித்தார்கள், யார் ஓட்டினார்கள். பதில் இல்லாத ஹெட்டை, வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், சோதிக்காமல் நாங்கள் பூட்டுவதில்லை. மலையேறப் போகிறவர் அந்த ஒரு நாளைக்குக் கோபித்துக்கொள்ளட்டும். அவரும் அவர் வண்டியில் ஏறுகிறவர்களும் 22 வளைவையும் பத்திரமாகக் கடக்க வேண்டும், அதற்குப் பொறுப்பு ஹெட்டைப் பூட்டுகிற கைக்கும் உண்டு.